மாமாவின் ஹெலிகாப்டரும் ரெண்டு நடுக்கமும்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. பாதிக்கு மேல பொட்டி தட்டுற சமாச்சாரம். ஹெலிகாப்டர்னா கல்யாண வீட்டுல பூ தூவுறதுதானேன்னு கேக்கறவங்க நேரா கடைசி நாலு பத்திக்குப் போயிடலாம், கோச்சுக்க மாட்டேன்.

என் தாய்மாமாவைப் பத்தி முன்னாடியே சொல்லியிருக்கேன்னு நினைக்கிறேன். மில்லுல மோட்டார் செக்‌ஷன்ல இருந்து ரிடையர் ஆனவர். ஊருல எல்லாரும் ரிடையர்மெண்ட் காசுல இடம் வாங்கிப் போட்டப்ப, இவர் 2009ல ஒரு ரேடியோ கன்ட்ரோல் ஹெலிகாப்டர் வாங்குனார். அத்தை மூணு நாள் பேசல. நாலாவது நாள், "அந்தக் கருமத்த வீட்டுக்குள்ள மட்டும் ஓட்டாதீங்க"ன்னு உத்தரவு போட்டாங்க. அதோட பிரச்சினை முடிஞ்சது.

அது 500 சைஸ்னு சொல்லுவாங்க. மேல சுத்துற ரெண்டு பிளேடும் ஒவ்வொண்ணு 425 மில்லிமீட்டர். நுனிக்கு நுனி அளந்தா கிட்டத்தட்ட ஒரு மீட்டர். இந்த சைஸ நான் ஏன் சொல்றேன்னா, இது நிமிஷத்துக்கு 2100 சுத்து சுத்தும்போது பிளேடு நுனி மணிக்கு 380 கிலோமீட்டர் வேகத்துல போகுது. கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க. பொம்மைன்னு நினைச்சு யாரும் கிட்ட போயிடக் கூடாது. மாமாவோட இடது ஆள்காட்டி விரல்ல அஞ்சு தையல் போட்ட தழும்பு இருக்கு. மேஜை மேல வெச்சு, மோட்டார் ஒயரக் கழட்டாம செட்டிங் பண்ணுன நாளோட ஞாபகார்த்தம் அது.

எனக்கு ஹெலி ஓட்டக் கத்துக் குடுத்தது அவர்தான். கத்துக் குடுத்தார்னு சொல்றது கூட தப்பு, ஒரு வருஷம் திட்டுனார். குவாட்காப்டர் மாதிரி இல்லீங்க இது. குவாட்ல நாலு மோட்டாரோட வேகத்தக் கூட்டிக் குறைச்சே எல்லா வேலையும் நடக்கும். ஹெலில மோட்டார் ஒரே வேகத்துல ஓடிட்டு இருக்கும். மாறுறது பிளேடோட சாய்வுக் கோணம். வீட்டு சீலிங் ஃபேன் ஓடிட்டு இருக்கும்போதே அதோட றெக்கைய முறுக்கி காத்தக் கூட்டவும் குறைக்கவும் முடிஞ்சா எப்படி இருக்கும், அந்த மாதிரி. அதுக்குன்னு நடுவுல ஒரு தட்டு இருக்கு, ஸ்வாஷ் பிளேட். அதக் கீழ இருந்து மூணு சர்வோ மோட்டார் தாங்கிப் பிடிச்சுட்டு இருக்கும். மூணும் ஒண்ணா ஏறுனா ஹெலி மேல போகும். ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்குனா அந்தப் பக்கம் சாயும். ஒரே இடத்துல அந்தரத்துல நிக்க வைக்கணும்னா ரெண்டு கையும் நிறுத்தாம சின்னச் சின்னதா திருத்திட்டே இருக்கணும். உள்ளங்கையில குச்சிய நிக்க வைக்கிற வித்தைதான்.

மாமா அத டீ குடிச்சுட்டே செய்வார். நெசமாத்தான். ஒரு தடவ பக்கத்துக் காட்டுக்காரர் டம்ளர நீட்டுனப்ப, ஒரு கை விரல எடுத்து டம்ளர வாங்கி ஓரமா வெச்சுட்டு மறுபடி பிடிச்சார். ஹெலி ஒரு ஜாண் கூட நகரல.

2021லதான் கை நடுங்க ஆரம்பிச்சது. முதல்ல வலது கை மட்டும். டிவி பார்த்துட்டு சும்மா உக்காந்திருக்கும்போது கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டற மாதிரி ஆடும். டாக்டர் பார்க்கின்சன்னு சொன்னார், நம்ம ஊர் பாஷைல நடுக்குவாதம். மாத்திரை இருக்கு, போட்டா நல்லா குறையும், ஆனா அதுக்குன்னு ஒரு நேரம் இருக்கு. மாத்திரை வேலை செய்யற சில மணி நேரம் அவர் பழைய மாமா. அது இறங்குனா சட்டை பட்டன் போடவே பத்து நிமிஷம்.

அதுக்கப்புறம் ரெண்டு தடவ ஓட்டிப் பார்த்தார். ரெண்டாவது தடவ வாலைத் தரைல அடிச்சு, பிளேடு பூம வெட்டி, கியர் எல்லாம் போச்சு. திட்டவும் இல்ல, ஒண்ணும் சொல்லவும் இல்ல. பொறுக்கிட்டு வந்து அட்டாலி மேல போட்டுட்டார். போன 2024 தீபாவளிக்குப் போயிருந்தப்ப, "மாப்ள, அத நீயே எடுத்துட்டுப் போயிடு, இங்க பூச்சி அரிக்குது"ன்னார்.

அலுமினியத்துலயும் கார்பன் ஃபைபர்லயும் செஞ்ச ஹெலிய எந்தப் பூச்சிங்க அரிக்கும்?

எடுத்துட்டு வந்துட்டேன். வண்டி ஓட்டிட்டு வரும்போதேதான் இந்த யோசனை. ஆர்டுபைலட் போட்டா என்ன?

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஆர்டுபைலட்ங்கறது ஓப்பன் சோர்ஸ் ஆட்டோபைலட். வயர்டு பத்திரிகைல ஆசிரியரா இருந்த கிறிஸ் ஆண்டர்சன் 2007ல ஆரம்பிச்ச டி.ஐ.ஒய். ட்ரோன்ஸ் கூட்டத்துல இருந்து கிளம்பினது. ஆர்டுயினோ போர்டுல ஓடுனதால அந்தப் பேரு. ஆரம்பத்துல 8 பிட் சிப், இன்னிக்கு 32 பிட். ஏரோப்ளேன், குவாட், படகு, கார், நீர்மூழ்கின்னு எல்லாத்துக்கும் ஒரே மூல நிரல்தான், ஜி.பி.எல். லைசென்ஸ். சாம்பா எழுதுனாரே ஆண்ட்ரூ ட்ரிட்ஜல், லினக்ஸ் பக்கம் போனவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், அவர் இதுல ரொம்ப வருஷமா கை வெச்சுட்டு இருக்கார். நம்ம ஊரு எம்.ஐ.டி. பசங்க தக்‌ஷா டீம், அஜித் குமாரைத் துணைக்கு வெச்சுட்டு 2018ல ஆஸ்திரேலியா யூ.ஏ.வி. சேலஞ்ச்ல ரெண்டாவது இடம் வாங்குனது ஞாபகம் இருக்கா? அந்தப் போட்டிச் செய்திகளப் படிக்கப் போய்த்தான் எனக்கு இந்தப் பக்கமே கண்ணு போச்சு. (தல ரசிகர்கள் விசிலடிச்சு முடிச்சுட்டு வாங்க, தொடருவோம்.)

இதுல பெரும்பாலானவங்க பறக்க விடறது குவாட்தான். ஆனா மெயின் ரோட்டர், டெயில் ரோட்டர் வெச்ச அசல் ஹெலிக்கும் தனியா ஒரு பதிப்பு இருக்கு. ட்ரெடிஷனல் ஹெலின்னு பேரு. கும்பல் கம்மி, ஆனா விஷயம் தெரிஞ்ச கும்பல்.

முதல்ல உடம்பு. உடைஞ்ச கியர், டெயில் பூம், பிளேடு எல்லாம் மாத்துனேன். பழைய ஹெட்ல பிளேடுக்குக் குறுக்க ஒரு கம்பி, அதோட நுனில ரெண்டு துடுப்பு இருக்கும், ஃப்ளைபார். அதத் தூக்கிட்டு ஃப்ளைபார் இல்லாத ஹெட் போட்டாச்சு. கம்பி செஞ்ச வேலைய இனிமே கைரோவும் சாஃப்ட்வேரும் பாக்கும். அப்புறம் ஃப்ளைட் கன்ட்ரோலர். தீப்பெட்டியவிட கொஞ்சம் பெருசு, உள்ள எச்7 வகை சிப், 2 எம்.பி. ஃப்ளாஷ். 1 எம்.பி. போர்டும் விக்குது, விலையும் கம்மி, ஆனா அதுல இடம் பத்தாம பல வசதியக் கத்தரிச்சுத்தான் பதிப்பு போடறாங்க. காசு பாக்காம பெருசாவே வாங்கிக்கோங்க.

இன்ஸ்டால் பண்றது அஞ்சு நிமிஷ வேலைன்னு நினைச்சுட்டு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் உக்காந்தேன். ராத்திரி ஒரு மணிக்கு எந்திரிச்சேன்.

போர்டு வரும்போதே அதுல வேற ஒரு ஃபர்ம்வேர் இருந்தது. அதனால முதல் தடவ மட்டும் டி.எஃப்.யூ. வழியாத்தான் ஏத்தணும். போர்டுல பூட்னு ஒரு கடுகு சைஸ் பட்டன், அத அமுக்கிப் பிடிச்சுட்டே யு.எஸ்.பி. சொருகணும். எஸ்.டி.எம்.32 கியூப் புரோகிராமர்னு ஒரு மென்பொருள், அதுல போர்டு தெரியணும். தெரியல. பட்டன் சரியா அமுங்கலையோன்னு நகத்தால அமுக்குனேன், பல்குச்சியால அமுக்குனேன். ட்ரைவர மாத்துனேன். விண்டோஸ மூணு தடவ ரீஸ்டார்ட் பண்ணேன். தங்கமணி வந்து, "பாப்பா ப்ராஜெக்டுக்குப் பிரிண்ட் எடுக்கச் சொன்னேனே"ன்னு கேட்டுட்டுப் போனாங்க. பதினோரு மணிக்குத்தான் உறைச்சது: கைல இருந்தது வெறும் சார்ஜ் போடற கேபிள். டேட்டா ஒயரே உள்ள இல்ல. இருவது வருஷமா பொட்டி தட்டறேன்னு வெளில சொல்லிக்காதீங்க மக்களே.

பாப்பாவோட டேப்லட் கேபிள எடுத்துச் சொருகுனதும் டக்குனு தெரிஞ்சது. பழசு முழுசா அழிச்சுட்டு, பூட்லோடரோட சேந்த ஹெக்ஸ் ஃபைல ஏத்துனேன். இனிமே இந்த பட்டன் கூத்தெல்லாம் வேண்டாம், அடுத்த பதிப்பு வந்தா மிஷன் பிளானர்ல இருந்தே ஏத்திக்கலாம். மிஷன் பிளானரத் திறந்து கனெக்ட் குடுத்தேன். திரைல செயற்கை அடிவானம் வந்து, போர்ட கைல சாய்ச்சா அதுவும் சாய்ஞ்சது. ஆகா.

சந்தோஷமா ஹெலிக்கான பாராமீட்டரெல்லாம் பாக்கலாம்னு போனா, ஒண்ணத்தையும் காணோம். ஸ்வாஷ் பிளேட் வகை, ரோட்டர் வேகம், எல்லாமே எச் எழுத்துல ஆரம்பிக்கணும். ஒரு எச்சும் இல்ல. நான் ஏத்துனது குவாட்டுக்கான பதிப்பு! டவுன்லோட் பக்கத்துல ஒவ்வொரு போர்டு பேருக்கும் ரெண்டு அடைவு இருக்கு. ஒண்ணு வெறும் பேரு, இன்னொண்ணு பேருக்குப் பின்னாடி ஹெலின்னு ஒட்டு. அந்த ஒட்டு உள்ளத எடுக்கணும். மறுபடி ஏத்துனேன். ஃப்ரேம் கிளாஸ்ல 6ன்னு வந்தா ஹெலின்னு அர்த்தம். வந்துச்சு. மணி ஒண்ணு.

அடுத்த ஞாயித்துக்கிழமை மாமா வீட்டுக்கே தூக்கிட்டுப் போயிட்டேன். எதுக்குன்னு சொல்லல. "செட்டிங் பண்ணணுங் மாமா, பக்கத்துல இருங்க, போதும்"னேன்.

"எனக்கு இந்த லேப்டாப் கதையெல்லாம் தெரியாது மாப்ள"ன்னார். ஆனா நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்துட்டார். உக்காந்ததும் முதல் வேலையா, ஒண்ணும் பேசாம, மோட்டாரோட மூணு ஒயரையும் உருவி விட்டார். தழும்பு விரலாலயே.

ஸ்வாஷுக்கு மூணு சர்வோ ஒண்ணு, ரெண்டு, மூணுல. வாலுக்கு நாலு. மோட்டார் கன்ட்ரோலர் எட்டுல. சர்வோவுக்கான கரண்டு போர்டுல இருந்து எடுக்கக் கூடாது, தனி பி.இ.சி. வேணும். ஏழெட்டு ஆம்பியர் இழுத்து போர்டு நடுவானத்துல ரீஸ்டார்ட் ஆனா கதை கந்தல். ஸ்வாஷ் வகை 120 டிகிரின்னு குடுத்துட்டு, சர்வோ மேனுவல்னு ஒரு பாராமீட்டர் இருக்கு, அத வெச்சு தட்ட உச்சிக்கும் அடிக்கும் ஓட்டிப் பார்த்துக் கோண மானிய மாட்டி அளந்தோம். மேல 10 டிகிரி, கீழ மைனஸ் 2 டிகிரி போதும், நாம என்ன தலைகீழாவா பறக்கப் போறோம். இந்த அளக்கற வேலைல மாமா லேப்டாப்பையே பாக்கல. பிளேட கண்ணு மட்டத்துல வெச்சுப் பார்த்து, "அர டிகிரி ஒசக்க இருக்குது"ன்னார். மானில பார்த்தா அர டிகிரிதான்.

இப்ப வருது முக்கியமான கட்டம்.

ஸ்டிக்க வலது பக்கம் தள்ளுனா தட்டு இடது பக்கம் சாஞ்சது. சரி, திசை மாறியிருக்கு. ட்ரான்ஸ்மிட்டர்ல ஒரே ஒரு ரிவர்ஸ் சுவிட்ச், போட்டேன். வலது தள்ளுனா வலது சாய்ஞ்சது. முன்னால தள்ளுனா முன்னால. மேல தூக்குனா மேல. "ஆச்சுங் மாமா, நாளைக்கே பறக்க விட்டுடலாம்"னேன்.

மாமா எந்திரிச்சு வந்து ஹெலிய அடில பிடிச்சுத் தூக்குனார். "ஆர்ம் பண்ணு"ன்னார். மோட்டார் ஒயர் கழட்டுனதுதானே, பண்ணேன். ஸ்டிக்க யாரும் தொடல. அவர் ஹெலிய மெதுவா வலது பக்கம் சாய்ச்சார். தட்டும் வலது பக்கமே இன்னும் சாய்ஞ்சுது.

"பாத்தியா?"

எனக்கு ரெண்டு செகண்டு ஆச்சு புரிய. அப்புறம் வயித்துக்குள்ள ஜில்லுனு ஆயிடுச்சு. ஹெலி வலது பக்கம் சாஞ்சா, ஆட்டோபைலட் அத நிமுத்த தட்ட இடது பக்கம் சாய்க்கணும். இது விழுந்தவன இன்னும் பிடிச்சுத் தள்ளுது. தரைய விட்டு எழும்புன கணமே, என்ன ஏதுன்னு பாக்கறதுக்குள்ள ஒரு பக்கமா உருண்டு அடிச்சிருக்கும். பத்தடில நானும் அவரும் நின்னுட்டு இருந்திருப்போம். 380 கிலோமீட்டர் கணக்க மேல போட்டுக் காட்டுனது இதுக்குத்தான்.

காரணம் ரொம்ப அல்பம். இடது வலது சர்வோ ஒயர் ரெண்டையும் நான் மாத்திச் சொருகிட்டேன். அதனால ரோல் தலைகீழாச்சு. அதச் சரி பண்றதா நினைச்சு ட்ரான்ஸ்மிட்டர்ல இன்னொரு தடவ தலைகீழாக்குனேன். ரெண்டு தப்பும் சேந்து ஸ்டிக்குக்கு மட்டும் சரியாத் தெரிஞ்சுது. ஆனா கைரோவுக்கு நடுவுல ட்ரான்ஸ்மிட்டர் கிடையாதே, அதுக்கு ஒரு தப்பு அப்படியே நின்னுது. மிஷன் பிளானர்ல ரேடியோ திரையக் கவனிச்சிருந்தாலே தெரிஞ்சிருக்கும். ஸ்டிக் வலது போனா ரோல் பட்டை வலது போகணும், என்னோடது இடது போயிட்டு இருந்தது. பாக்கல. சர்வோவுக்கு முன்னாடி ட்ரான்ஸ்மிட்டரச் சரி பாக்கணுங்கற வரிசைய நான் மாத்திட்டேன்.

"உங்களுக்கு எப்படிங் மாமா தெரிஞ்சுது?"

"எனக்கு என்ன தெரியும். பழைய கைரோவுக்கும் வால இப்படித்தான் கையில திருப்பிப் பாப்போம். நீ எதுக்கு உத்தரவு போட்டா என்ன செய்யுதுன்னு பாத்த. உத்தரவு இல்லாட்டி என்ன செய்யுதுன்னு பாக்கல."

ஒயர மாத்தி, ரிவர்ஸ எடுத்துட்டு, வாலையும் அதே மாதிரி கைல திருப்பிப் பார்த்தோம். அது சரியா இருந்தது.

அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது அத்தை என்கிட்ட தனியா, "கண்ணு, அந்தப் பொட்டிய எடுத்துட்டு அடுத்த வாரமும் வா. மனுசன் இன்னிக்குத்தான் நாலு வார்த்த பேசறாரு"ன்னாங்க. காரணத்த அப்பத்தான் அத்தைகிட்ட சொன்னேன். "ஆகுமா?"ன்னாங்க. தெரியலைன்னேன்.

பறக்க இடம் கண்டுபிடிக்கறதும் ஒரு வேலைதான். கோயமுத்தூர்ல ஒரு பக்கம் பீளமேடு ஏர்போர்ட், இன்னொரு பக்கம் சூலூர் விமானப்படைத் தளம். 2021 ட்ரோன் விதிகள் வந்தப்புறம் வானத்துக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு மண்டலம் பிரிச்சாச்சு. வரைபடத்துல பார்த்துட்டு அன்னூர் தாண்டி மாமாவோட சிநேகிதர் காட்டுக்குப் போனோம். சோளத்தட்டு அறுத்து முடிச்ச காடு. பச்சை மண்டலத்துல 400 அடி வரைக்கும் போலாம், எங்களுக்கு இருவதடி போதும். சுத்தி அம்பது மீட்டருக்கு வேலி போட்டேன் (சாஃப்ட்வேர்லதாங்க, ஃபென்ஸ்னு ஒரு வசதி. தாண்டுனா தானே திரும்பி வந்துடும்).

முதல் ரெண்டு வாரம் நான்தான் ஓட்டுனேன், ஸ்டெபிலைஸ் மோட்ல. மோட்டார் இன்டர்லாக்குன்னு ஒரு சுவிட்ச், அது ஆஃப்ல இருந்தாத்தான் ஆர்ம் ஆகும், அதப் போட்டதும் ரோட்டர் மெதுவா வேகம் எடுக்கும். எழும்புச்சு. எழும்புச்சு ஆனா சுகமில்ல, உடம்பெல்லாம் ஒரு மாதிரி கரகரன்னு ஆடுச்சு. மெமரி கார்டுல இருந்த லாக எடுத்துப் பார்த்தா, 35 ஹெர்ட்ஸ்ல ஒரு குன்று, 70ல இன்னொண்ணு. 2100 சுத்த 60ஆல வகுத்தா 35. ரோட்டரோட நடுக்கம் அப்படியே கைரோவுக்குள்ள போய், அத அசைவுன்னு நம்பி சாஃப்ட்வேர் திருத்தப் பாக்குது. இதுக்குன்னே ஹார்மோனிக் நாட்ச் ஃபில்டர்னு ஒண்ணு இருக்கு. 35லயும் அதோட மடங்குலயும் மட்டும் காதப் பொத்திக்கோன்னு சொல்றது. போட்டதும் பாதி அடங்குச்சு. மீதிக்கு பிளேட தராசுல வெச்சு எடை சமம் பண்ணோம், ஒரு பிளேடுல சின்ன டேப் துண்டு.

அடுத்து லாய்ட்டர் மோட். ஜி.பி.எஸ். பார்த்து ஒரே இடத்துல நிக்கறது. நிக்கறதுக்குப் பதிலா வட்டம் போட ஆரம்பிச்சது, வட்டம் பெருசாயிட்டே போச்சு. டாய்லெட் பவுல்னே இதுக்குப் பேரு (நாகரிகமான பேருக்கு நான் பொறுப்பில்ல). திசைகாட்டி தப்பாச் சொன்னா இப்படி ஆகும். நான் கேலிபரேட் பண்ணது வீட்டு மொட்டை மாடில. கான்கிரீட்டுக்குள்ள கம்பி! காட்டு நடுவுல செல்ஃபோனையெல்லாம் தள்ளி வெச்சுட்டு ஹெலிய எல்லாப் பக்கமும் புரட்டி மறுபடி பண்ணேன். நின்னுச்சு. ஸ்டிக்க விட்டுட்டேன், அப்பவும் நின்னுச்சு. மாமா பக்கத்துல நின்னு பார்த்துட்டே இருந்தார். ஒண்ணும் சொல்லல.

அதுக்கடுத்த வாரம் அவருக்கான செட்டிங். பார்க்கின்சன் நடுக்கம் பொதுவா செகண்டுக்கு நாலுல இருந்து ஆறு தடவன்னு படிச்சிருந்தேன். ஆர்டுபைலட்ல ஸ்டிக் அசைவ எவ்வளவு மழமழன்னு எடுத்துக்கணும்னு ஒரு எண் இருக்கு. 0.05 போட்டா வெடுக்குனு கேக்கும், 0.5 போட்டா ரொம்ப சாவகாசமா கேக்கும். 0.5 வெச்சேன். அர செகண்டு சாவகாசத்துல செகண்டுக்கு அஞ்சு தடவ வர்ற ஆட்டம் பெரும்பாலும் கரைஞ்சு போயிடும், மனுசன் வேணும்னு தள்ளுறது மட்டும் மிஞ்சும். ஸ்டிக் நடுவுல செத்த இடத்தையும் கொஞ்சம் அகலமாக்குனேன். லாய்ட்டர் வேகம் செகண்டுக்கு 12.5 மீட்டர்னு இருந்தத 3 ஆக்குனேன். ஒரு மெஷினோட நடுக்கத்துக்கு ஒரு ஃபில்டர், மனுசனோட நடுக்கத்துக்கு ஒண்ணு. சாஃப்ட்வேருக்கு ரெண்டும் வெறும் நம்பர்தான்.

மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழிச்சு, காலைல எட்டு மணி வாக்குல, ட்ரான்ஸ்மிட்டர அவர் கைல குடுத்தேன். லாய்ட்டர்ல, ஆறடி உயரத்துல ஹெலி நின்னுட்டு இருந்தது. வாங்கறப்பவே கை ஆடுச்சு. ஹெலி ஆடல.

வலது பக்கம் தள்ளுனார், போச்சு. விட்டார், நின்னுது. முன்னால, பின்னால. மூக்க ஒரு சுத்து சுத்துனார். ரெண்டு நிமிஷம் ஓட்டிட்டு எங்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டார்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா இது நான் ஓட்டறது இல்லயே மாப்ள. நான் சொல்றேன், அது ஓட்டுது."

என்ன சொல்றதுன்னு தெரியல. மூணு மாசம் இதுக்குத்தான் மெனக்கெட்டேன். கொஞ்சம் கோவம் கூட வந்துச்சு, ஒத்துக்கறேன். பேட்டரி மாத்தறேன்னு அந்தப் பக்கம் திரும்பிட்டேன்.

மாத்தி முடிக்கறப்ப பின்னாடி இருந்து கேட்டார்: "இந்த ஜி.பி.எஸ். இல்லாம ஓட்ட முடியாதா?"

முடியும். ஆல்ட் ஹோல்ட்னு ஒண்ணு. உயரத்த அது பாத்துக்கும், இடத்த நாமதான் பிடிக்கணும். காத்தடிச்சா போயிட்டே இருக்கும். சொன்னேன். "அதப் போடு"ன்னார். "மூணு பக்கமுள்ள சுவிட்ச்சுங் மாமா, நடுவுல ஆல்ட் ஹோல்ட், கீழ லாய்ட்டர். ஏதாச்சும்னா கீழ தட்டிடுங்க"ன்னு மூணு தடவ சொன்னேன். "ஒரு தடவ சொன்னா போதும்"னார்.

பத்தடி உயரத்துல நடுவுக்குத் தட்டுனார். உடனே காத்துல நகர ஆரம்பிச்சுது. பிடிச்சார், கொஞ்சம் அதிகமாப் போச்சு, திருப்பிப் பிடிச்சார். முட்டிக்குக் கீழ லுங்கி படபடக்க, கால அகட்டி வெச்சு, வாயக் கோணிக்கிட்டு. கை நடுங்கிட்டேதான் இருந்தது. ஹெலி ஒரு கார் நிறுத்தற அளவு இடத்துக்குள்ள அங்கயும் இங்கயும் போச்சு. டீ குடிக்கற அளவுக்கெல்லாம் இல்ல. நாப்பது செகண்டு இருக்கும், அப்புறம் இடது பக்கமா வேகமா ஒரு சரிவு. நான் கைய நீட்டிட்டேன். அதுக்குள்ள அவரே கீழ தட்டிட்டார். குதிரையக் கடிவாளம் போட்டு இழுத்த மாதிரி நின்னுச்சு.

ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல. பேட்டரி அலாரம் கத்த ஆரம்பிச்சதும் இறக்குனார். சோளத்தட்டு மொட்டு மேல ஒரு கால் ஏறி லேசா சாஞ்சு நின்னுது.

"வால் அடிக்கடி துள்ளுது பாத்தியா? அத மொதல்ல சரி பண்ணு"ன்னார். "அப்புறம் அந்த சாவகாசத்தக் கொஞ்சம் குறை. நான் சொல்லி அதுக்குப் புரியறதுக்குள்ள காத்து தூக்கிட்டுப் போயிடுது."

0.5ல இருந்து 0.3க்குக் குறைச்சிருக்கேன். டெயில் கெயின்லயும் கை வெச்சாச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை மறுபடி அன்னூர். மாத்திரை ஏழு மணிக்கு.

பி.கு: டேட்டா கேபிள், சார்ஜ் கேபிள் ரெண்டுக்கும் கலர் டேப் ஒட்டி வெச்சுக்கோங்க. பாப்பாவோட கேபிள இன்னும் திருப்பிக் குடுக்கல, தங்கமணிகிட்ட போட்டுக் குடுத்துடாதீங்க.